ராத்திரி 2 மணிக்குக் கிளம்பலாமா?

தாம்பரம் பக்கத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவரின் தம்பி புனேயில் வீடு வாங்கியிருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் கிரகப்பிரவேசம். காரிலேயே போவது என்று கணவர் முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து வந்து, கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டு, ராத்திரி 2 மணிக்குக் கிளம்புவது அவர் திட்டம். சனிக்கிழமை ஹூப்ளியில் தங்கல், ஞாயிறு சாயங்காலம் புனே. மொத்தம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். முழுக்க அவர் ஒருவரே ஓட்டுவார். வாசகிக்கும் லைசென்ஸ் இருக்கிறது, ஊருக்குள் ஓட்டுகிறார். ஆனால் ஹைவேயில் வண்டியைத் தர அவருக்கு மனசு இல்லை.

கணவருக்கு 51 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி இன்சுலின். கூட வரப்போகும் மாமியாருக்கு 76 வயது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறார். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஏழு வாரம் ஆகிறது. 9 வயதுப் பையனுக்கு வண்டியில் ஏறினால் வாந்தி.

கேள்விகள் மூன்று. வழியில் பாத்ரூம் தொந்தரவு இல்லாமல் இருக்க மாமியாரின் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தலாமா? பையனுக்கு வாந்தி மாத்திரை கொடுத்து மடியில் தூங்க வைத்துவிடலாமா? ராத்திரி 2 மணிக்குக் கிளம்புவது சரியா? கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி: "அவர் பலமாகக் குறட்டை விடுவார். போன மாதம் சிக்னலில் நிற்கும்போதே கண் சொக்கிவிட்டார், பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்தார். அசதி என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, நான் பயப்படும் இடம் வேறு. மாமியாரைப் பற்றியும் பையனைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. என்னை நிறுத்தி வைத்தது பின்குறிப்பில் இருக்கும் அந்தச் சிக்னல் சம்பவம்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குறட்டையும் சிக்னல் தூக்கமும்

பலத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம், ஐம்பதைத் தொட்ட வயது, சர்க்கரை நோய். இவை நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்லீப் ஆப்னியா என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. மூச்சு சில விநாடிகள் நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ஒரு ராத்திரியில் இது நூறு தடவைகூட நடக்கலாம். எழுந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தேன் என்பார். ஆனால் மூளைக்குக் கிடைத்தது துண்டு துண்டான தூக்கம்.

'அசதி' என்று அவர் சொல்வது பொய் இல்லை. அந்த அசதிக்குக் காரணம் இருக்கிறது, அது ஆபீஸ் வேலை மட்டும் இல்லாமல் இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இந்த நோய்க்குச் சிகிச்சை எடுக்காமல் வண்டி ஓட்டுபவர்களுக்கு விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நின்ற வண்டியில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கண் சொக்கியவர், ஆளில்லாத நேராக ஓடும் சாலையில் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடும். நான்கே விநாடி கண் மூடினால் 100 மீட்டர், ஓட்டுபவர் இல்லாமல் ஓடிய 100 மீட்டர்.

நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் சில வருடங்கள் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் ஆம்புலன்ஸ் வந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியிருக்கும். கூட வரும் போலீஸ்காரர், "ரோட்டுல பிரேக் போட்ட தடமே இல்ல சார்" என்பார். ஓட்டியவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் காலாவது பிரேக்கைத் தேடியிருக்கும். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. இது கண்டுபிடிக்கக்கூடியது, சரிசெய்யக்கூடியது. நுரையீரல் நிபுணரையோ காது மூக்கு தொண்டை நிபுணரையோ பார்த்தால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதுவார். இப்போது வீட்டிலேயே ஒரு ராத்திரி கருவியை மாட்டிக்கொண்டு தூங்கிச் செய்யும் பரிசோதனையும் இருக்கிறது. நோய் உறுதியானால், தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவி மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கும். ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் சில நாட்களிலேயே, 'இத்தனை வருஷம் இப்படியா இருந்தேன்' என்று ஆச்சரியப்படுவார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும்கூட இதனால் கட்டுக்குள் வர உதவி கிடைக்கும். மூன்று வாரம் இருக்கிறது. பரிசோதனைக்கு அது போதும். பரிசோதனை முடியும் வரை அவர் நீண்ட தூரம் ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆபீஸ் போகும்போதுகூட கண் சொக்கினால் வண்டியை எடுக்க வேண்டாம்.

2 மணிக் கணக்கு

இனி, அந்த நோயே அவருக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 2 மணிக்குக் கிளம்புவது தவறுதான்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை அது நம்மைத் தூங்கு என்று கீழே இழுக்கும். மதியம் 2 முதல் 4 வரை இன்னொரு சின்ன இழுப்பு. எவ்வளவு அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் இது பொது. உங்கள் கணவரின் திட்டப்படி, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உழைத்த உடம்பு, இரண்டு மூன்று மணி நேரத் தூக்கத்தோடு, அந்த முதல் பள்ளத்துக்குள்தான் வண்டியை எடுக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர் என்று லாரிகள் நிறைந்த பகுதியை அவர் கடப்பது சரியாக அந்த நான்கு மணி நேரத்தில். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 0.03 சதவீதம்தான். அவர் ஒரு சொட்டு குடிக்காதவராக இருக்கலாம், ஆனால் தூக்கம் கெட்ட மூளை அதே வேலையைச் செய்கிறது.

நெரிசலுக்கு முன்பே பெங்களூரைத் தாண்டிவிடலாம் என்ற அவருடைய டிராஃபிக் கணக்கும் சரியாக வரவில்லை. 2 மணிக்குக் கிளம்பினால் ஓசூர் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடும்போது ஏழு, ஏழரை. பெங்களூர் விழித்து வேலைக்குக் கிளம்பும் நேரம். காலை ஐந்தரைக்கு, முழுத் தூக்கத்துக்குப் பிறகு கிளம்பினால் அங்கே போய்ச் சேர மதியம் ஆகும். காலை நெரிசல் அடங்கியிருக்கும். அங்கிருந்து நைஸ் ரோட்டைப் பிடித்தால் ஊருக்குள் நுழையாமலே துமகூரு சாலைக்குப் போய்விடலாம்.

"டீ குடித்தால் சரியாகிவிடும், ஏசியைக் கூட்டினால் சரியாகிவிடும், பாட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஏசியும் பாட்டும் திறந்த ஜன்னலும் சில நிமிஷங்களுக்குத்தான். டீ, காபிக்குப் பலன் உண்டு, ஆனால் அது வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். சுகர் இருப்பவர் டோல்கேட்டுக்கு டோல்கேட் சர்க்கரை போட்ட டீ குடித்துக்கொண்டே போவதில் வேறு சிக்கல். தூக்கம் வந்தால் தூங்குவதுதான் மருந்து. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, சர்க்கரை இல்லாத காபி ஒன்று குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் கண்ணை மூட வேண்டும். எழும்போது காபியும் வேலையைத் தொடங்கியிருக்கும். சாலையோரத்தில், வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தித் தூங்குவது மட்டும் கூடவே கூடாது.

28 வயதில் ஒரே மூச்சில் மும்பைக்கு ஓட்டியதை அவர் பெருமையாகச் சொல்கிறார். ஓட்டியிருப்பார், நம்புகிறேன். அந்த உடம்புக்கு இன்சுலின் இல்லை, குறட்டை இல்லை, பின் சீட்டில் அம்மாவும் பிள்ளையும் இல்லை.

ஸ்டியரிங் பிடிப்பவரின் சுகர்

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு சுகர் திடீரென்று இறங்கும் பயம் குறைவு. கிளிமிப்ரைடும் இன்சுலினும் அப்படியில்லை. சாப்பாடு தாமதமானாலோ தவறினாலோ சுகர் கீழே போய்விடும். பயணத்தில் நடப்பதும் அதுதான்: 'இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போய்ச் சாப்பிடலாம்' என்று தள்ளிக்கொண்டே போவது. வயிறு நிறைந்தால் தூக்கம் வரும் என்று ஓட்டுநர்கள் சாப்பாட்டைத் தவிர்ப்பதும் உண்டு. உங்கள் கணவர் அதைச் செய்யவே கூடாது. லோ சுகரில் கை நடுங்குவதற்கு முன்பே தீர்மானிக்கும் திறன் மங்கிவிடலாம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் எரிந்து விழுந்தால், அதுவே அறிகுறியாக இருக்கலாம்.

அவர் ஓட்டுவதாக இருந்தால், வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். 70-க்குக் கீழே போனால் ஓட்டக்கூடாது. மூன்று ஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சுகர் பழைய நிலைக்கு வந்த பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ரத்தத்தில் சுகர் ஏறிவிட்டாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும்.

இன்சுலின் பேனாவை டேஷ்போர்டிலோ டிக்கியிலோ வைக்க வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் அதை எளிதாகத் தாண்டிவிடும். வாயகன்ற ஃபிளாஸ்க்கில் வைத்து, சாப்பிட இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். மாத்திரைகளை இரண்டு செட்டாகப் பிரித்து, ஒன்றை உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஓட்டுபவர் யாராக இருந்தாலும், சளிக்கும் அலர்ஜிக்கும் வாந்திக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளையும் இருமல் மருந்துகளையும் பயண நாளில் தொடக்கூடாது. அவற்றில் பல தூக்கத்தைக் கொண்டுவரும்.

மாமியாரின் மாத்திரையும் முழங்காலும்

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் மாத்திரை, இதயத்துக்காகவும் எழுதப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தால் இரண்டு நாள் நிறுத்தினாலே மூச்சுத் திணறல் வரக்கூடும். நிறுத்துவதற்குப் பதில் நேரத்தை மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். காலையில் சாப்பிடுவதைப் பயண நாட்களில் மட்டும் மாலை நாலு மணி வாக்கில் வைத்துக்கொள்ளப் பலருக்கு அனுமதி கிடைக்கும். ராத்திரி படுக்கும்போது மட்டும் வேண்டாம். தெரியாத லாட்ஜில், இருட்டில், புது மூட்டோடு ஒரு 76 வயது அம்மா பாத்ரூமைத் தேடி எழுந்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார், கவனியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாக அம்மாக்கள், வண்டியை அடிக்கடி நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு முந்தின நாளிலிருந்தே வாயை நனைக்காமல் வருவார்கள். அதனால் தலைசுற்றலும் நீர்க்கடுப்பும் வரும், ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். 'அத்தை கேட்டால் நிறுத்துவோம்' என்பது போதாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேட்காமலே நிறுத்த வேண்டும். உயரமான வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் இடமாக முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்று மூட்டு வைத்தவருக்குக் குந்தி உட்காருவது ஆகாது.

அறுவை சிகிச்சைதான் இதில் பெரிய விஷயம். மூட்டு மாற்றிய பிறகு கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து முதல் சில வாரங்களில் அதிகம், மூன்று மாதம் வரை ஓரளவு நீடிக்கும். நீங்கள் புறப்படும்போது அவருக்குப் பத்து வாரம் ஆகியிருக்கும். மடக்கிய காலோடு இரண்டு நாள், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்காருவது அந்த நிலையில் நான் விரும்பும் காரியம் இல்லை. அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி, போகலாமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடர வேண்டுமா என்று கேளுங்கள். பயணத்திலும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென நெஞ்சு வலியோ மூச்சு வாங்குதலோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஏழு வாரத்தில் கொஞ்சம் வீக்கம் இயல்புதான். ஆகவே கிளம்பும் முன் இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்த வீக்கம் எது என்று தெரியும்.

பையனுக்கு

வாந்தி மாத்திரை கொடுக்கலாம், ஆனால் குழந்தை டாக்டரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்டு, வண்டி ஏறும் அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் முன்னதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுப்பதில் பயன் குறைவு. வெறும் வயிறும் ஆகாது, நெய் மணக்கும் பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். முன்னால் ஓடும் சாலையைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். போனைக் கையில் கொடுத்தால் எந்த மாத்திரையும் உதவாது.

மடியில் படுக்க வைப்பது மட்டும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெல்ட் போடாத பிள்ளை, பிரேக் பலமாக விழுந்தாலே முன் சீட்டில் போய் மோதும், உங்கள் கைகளால் பிடித்து நிறுத்த முடியாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போவதைக் குற்றம் என்கிறது, 1,000 ரூபாய் அபராதம். பையன் 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் பெல்ட் கழுத்தில் அறுக்கும். அடியில் பூஸ்டர் சீட் வைத்தால் தோளில் சரியாக உட்காரும். உட்கார்ந்தபடியே, பெல்ட்டோடு தூங்கட்டும். பின் சீட்டில் நீங்களும் பெல்ட் போட வேண்டும். அதுவும் சட்டம்தான், பலர் முன் சீட்டுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எப்படிப் போவது?

என்னைக் கேட்டால், மாமியாரை விமானத்தில் அழைத்துப் போங்கள். சென்னையிலிருந்து புனேக்கு நேர் விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வைக்கலாம். முழங்காலில் உலோகம் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் கருவி ஒலிக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செலவு இடிக்கும் என்றால் ரயில், கீழ் பெர்த். ராத்திரி முழுக்கக் கால் நீட்டிப் படுக்கலாம், நினைத்தபோது எழுந்து நடக்கலாம், பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்களும் பையனும் கூடப் போகலாம்.

குடும்பத்தோடு காரில் போகும் ஆசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தம்பி வீட்டு விசேஷத்துக்கு அம்மாவைத் தன் வண்டியில் கூட்டிப் போய் இறக்க வேண்டும் என்று ஒரு மகன் நினைப்பது எவ்வளவு இயல்பானது! டாக்டர் மாமியாருக்குச் சம்மதம் சொல்லிவிட்டால், அதற்கும் வழி உண்டு. இரண்டு மாற்றங்கள் வேண்டும்.

ஒன்று, இரண்டாவது ஓட்டுநர். கணவரின் பரிசோதனையில் நோய் தெரிந்து, சிகிச்சை பலன் தரும் முன் பயண நாள் வந்துவிட்டால், அந்தப் பயணத்தில் அவர் ஓட்டவே கூடாது. ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் முந்தின ராத்திரி தூங்கியவராக இருக்க வேண்டும், வழியில் அவருக்கும் படுக்க அறை கொடுக்க வேண்டும். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்து, டாக்டரும் ஓட்டலாம் என்றால், நீங்கள் பாதி ஓட்டுங்கள். ஊருக்குள் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் ஓட்டுகிற உங்களுக்கு ஹைவே பழகவில்லை, அவ்வளவுதான். இந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அதிகாலையில் மேல்மருவத்தூர் வரை ஓட்டிப் பாருங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும். லாரியை முந்துவதும், முந்தாமல் பின்னால் பொறுமையாகப் போவதும் அதில் பழகிவிடும். அப்படியே அவருடைய லைசென்ஸில் தேதியையும் பாருங்கள். பழைய விதிப்படி எடுத்தவை பலவும் 50 வயதோடு காலாவதி ஆகும்.

இரண்டு, தங்கும் ஊர். ஹூப்ளி வேண்டாம். அது சென்னையிலிருந்து 750 கிலோமீட்டர், முதல் நாளுக்கு அதிகம். சித்ரதுர்கா ஏறக்குறைய 540, தாவணகெரே 600. பொழுது சாயும்போது எது பக்கமோ அங்கே நிறுத்துங்கள். தாவணகெரேயின் பென்னே தோசை பெயர் போனது. வெண்ணெய் கொஞ்சம் தாராளம், உங்கள் கணவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹூப்ளி - தார்வாட் பைபாஸ் நடுவில் தடுப்பில்லாத குறுகலான இருவழிச் சாலையாகப் பல வருடம் இருந்து, எதிரெதிர் மோதல்களுக்குப் பெயர் வாங்கியது. அகலப்படுத்தும் வேலை எடுத்த பிறகும் அந்த இடத்தைக் காலை வெளிச்சத்தில், தூங்கி எழுந்த கண்ணோடு கடப்பதுதான் நல்லது.

இரண்டாம் நாள் பெலகாவி, கோலாப்பூர், சாதாரா வழி. கோலாப்பூரில் மதியச் சாப்பாடும் 20 நிமிஷத் தூக்கமும். அதைத் தவறவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது, கடைசி நூறு கிலோமீட்டருக்காக. சாதாரா தாண்டியதும் கம்பட்கி மலைப்பாதை, சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் வளைவு. புனேக்குள் நுழையும்போது காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் நிற்கும் வண்டிகளின் மேல் ஏறிய விபத்துகள் அங்கே பல நடந்திருக்கின்றன. 1,200 கிலோமீட்டர் பயணத்தில் ஓட்டுநர் மிகக் களைத்திருக்கும் இடமும், சாலை மிகக் கவனம் கேட்கும் இடமும் ஒன்றாக வருகிறது. அங்கே இருட்டுவதற்கு முன் போய்ச் சேரும்படி அன்றைய நாளைத் திட்டமிடுங்கள். வண்டியை நியூட்ரலில் விடாமல், கியரைக் குறைத்து இறக்குங்கள்.

வெள்ளிக்கிழமை லீவ் கிடைக்குமானால் இன்னும் நல்லது. வெள்ளி காலை கிளம்பி, சித்ரதுர்காவில் ஒரு ராத்திரி, கோலாப்பூரில் ஒரு ராத்திரி. ஞாயிறு மதியத்துக்குள் புனே. மகாலட்சுமியையும் சேவித்துவிட்டுப் போகலாம், உங்கள் மாமியாருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். லீவ் கிடைக்கவில்லை என்றால், வெள்ளி இரவு ஒன்பதரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட வேண்டும். பெட்டி கட்டும் வேலை வியாழனோடு முடியட்டும். கடைசி நேரப் பெட்டி கட்டலில் கெடும் தூக்கம் மறுநாள் ரோட்டில்தான் தெரியும்.

போனில் மூன்று எண்கள் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எதற்கும் 112. வழியில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தால் போலீஸ் கேஸுக்குப் பயந்து விலக வேண்டாம். உதவி செய்பவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டமும் 2025 மே மாதத்திலிருந்து இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். மாமியாரின் டாக்டர்கள் இருவரிடமும் பேசுங்கள். கணவருக்குத் தூக்கப் பரிசோதனைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அவர் மறுத்தால் புனேயில் இருக்கும் தம்பியையும் விட்டுப் பேசச் சொல்லுங்கள். 'அண்ணா, நீங்க முழுசா தூங்கிட்டு வாங்க' என்று அவர் சொன்னால் எடுபடலாம். டாக்டரைப் பார்க்க நீங்களும் கட்டாயம் கூடப் போங்கள். மூச்சு நின்று நின்று வருகிறதா, திடுக்கிட்டு எழுகிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கிய பிறகு, போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.